ஒன்பது மணிப் படகு

எடுத்தது ஒன்று, விழுந்தது ஒன்று.
'பலத்த காற்று. ஒன்பது மணிப் படகு இல்லை'
என்ற வரியை நகலெடுத்து
அறிவிப்புப் பக்கத்தில் ஒட்டினால்
நேற்றைய சரக்குக் கணக்கு வந்து நிற்கிறது:
ஆடுகள் நானூற்றுப் பன்னிரண்டு, அதில் மூன்று நொண்டி.

முதலில் விசைப்பலகையைத்தான் சந்தேகித்தேன்.
கவிழ்த்துத் தட்டினேன்.
ரொட்டித் துகள், ஒரு நகத்துண்டு,
என்னுடையதல்லாத ஒரு நரைமுடி.
சி என்ற எழுத்து ஒழுங்காகத்தான் இருந்தது.
அமுக்கினால் அமுங்கியது, விட்டால் எழுந்தது.
அதற்கு மேல் ஓர் எழுத்திடம் என்ன கேட்பது?

பிறகு சோதனை.
வெற்றுக் கோப்பு, ஒரே வரி, பத்து முறை.
காகிதத்தில் கோடு போட்டுக்கொண்டேன்.
ஆறு சரி. இரண்டில் வேறு வரி. இரண்டில் வெறுமை.
மறுபடி பத்து. ஏழு சரி.
பத்தும் தவறென்றால் பழுது பார்க்கலாம்.
பத்தில் ஏழு முறை உண்மை சொல்கிறவனை
என்ன செய்வது?
அப்படி ஒருவனோடு பதினோரு வருடம்
குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

வெளியே புன்டா அரேனாஸின் தெருமுனைகளில்
கயிறு கட்டத் தொடங்கிவிட்டார்கள்.
காற்று ஆளைத் தள்ளும் நாட்களில்
அதைப் பிடித்துத்தான் வங்கிக்குப் போக வேண்டும்.
ஒரு பாதிரியார், ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் கயிறு,
இரண்டில் ஒன்றை விட வேண்டியிருந்தது.
தொப்பி ஜலசந்தியின் பக்கம் போனது.

எட்டே கால்.
ஒட்டினேன், பார்க்காமல் அனுப்பினேன்.
இருநூற்று முப்பது பயணிகளின் கைபேசியில்:
'பயணிகள் கவனத்துக்கு.
அந்த அடுப்பை நீயே வைத்துக்கொள், கோரன்.
இனி எனக்குச் சூடு வேண்டாம்.'

அது நான் அனுப்பாத கடிதம்.
அழிப்பதற்காகத் தடவினேன், அவ்வளவுதான்.
நகலெடுக்கவே இல்லை.
சத்தியமாக.

மேல்மாடியிலிருந்து ரெமீஹியோ வந்தான்,
கைபேசியைப் பார்த்துவிட்ட முகத்தோடு.
"யாஸ்னா, இந்த இயந்திரத்துக்கு இரண்டு பை.
கேட்டு எடுப்பது ஒன்றில் போகும்.
சும்மா தடவி நீலமாக்கினாலே
மற்றதில் போகும்.
சுட்டியின் சக்கரம் அழுந்தினால்
கவிழ்வது அந்த இரண்டாவது பை.
உனக்கு நடுவிரல் கனம்."

நடுவிரல் கனமென்று
இதுவரை என்னிடம் ஒருவரும் சொன்னதில்லை.

"சில நேரம் ஒன்றுமே விழவில்லையே?"
அதற்கும் வைத்திருந்தான்.
நகல் என்று நாம் நினைப்பது நகலே இல்லையாம்.
'கேட்கும்போது தருகிறேன்' என்று
எழுதிய ஜன்னல் சொன்ன ஒரு சொல்.
கேட்பதற்குள் அந்த ஜன்னலை மூடிவிட்டால்
சொன்னவர் இல்லை,
சொல்லும் இல்லை.

எடுத்த கையோடு ஜன்னலை மூடுவது என் பழக்கம்.
இந்த ஊரில் பிறந்தவர்கள்
எந்த ஜன்னலையும் திறந்துபோட மாட்டோம்.

சின்னதாக ஒரு நிரலை நிறுவிக் கொடுத்தான்.
ஆள் போன பிறகும்
அவர் தருவதாகச் சொன்னதை இது பிடித்து வைத்திருக்கும்.
இத்தனை சுலபமா என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
"இரண்டாவது பையைத் தைத்துவிடட்டுமா?"
வேண்டாம் என்றேன்.
ஏனென்று கேட்பான் என நினைத்தேன்.
மாடிப்படியில் அவன் காலடி மட்டும் கேட்டது.

மதியம் காற்று தணிந்தது.
போர்வெனீர் போகிற கம்பளி வியாபாரி
சீட்டுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
தொண்டையைச் செருமினார்.
"படகு?"
"மூன்று மணிக்கு."
சில்லறையை எண்ணி வைத்தார்.
போகவில்லை.
"அந்த அடுப்பு... விறகா, எரிவாயுவா?"
"விறகு."
"விறகடுப்பையா விட்டுக்கொடுத்தீர்கள், அம்மணி?"