மைனிங் கார்ட்

வவுனியாக் கடையில் நஸ்மி சொன்னான்:
“அக்கா, இது மைனிங்குக்கு ஓடின கார்ட்.
அதுதான் விலை குறைவு.”
நான் சிரித்த சிரிப்பில் பயந்திருப்பான்.
“நானும் மைனிங்தான் தம்பி,
முகமாலையில. எட்டு வருசம்.”
இன்னும் ஆயிரம் ரூபாய் குறைத்தான்.

மற்றதெல்லாம் புதுசு.
பெட்டி, போர்ட், பவர் சப்ளை:
இரண்டு சீட்டுக்காசு, ஒரு சோடித் தோடு.
உருத்திரபுரத்தில், வாய்க்கால் கரை வீட்டில்
கண்ணாடிப் பக்கத்தால் நீல வெளிச்சம் வர
பக்கத்து வளவுப் பெடியள் வேலியில் தொங்கினார்கள்.

நான் விளையாடுவது பனிக்காட்டில் கார் ஓட்டம்.
சுடுகிற விளையாட்டு ஏன் எடுக்கவில்லை
என்று கேட்டான் மருமகன் டிலுக்சன்.
விலை கூட, என்றேன்.

பதினோராம் நிமிடம்.
மரப்பாலம் தாண்டி இடப்பக்க வளைவு.
திரை கறுத்தது.
கார் நிற்கவில்லை.
இருட்டுக்குள் எஞ்சின் இரைகிறது,
டயருக்கடியில் பனி நொறுங்குகிறது,
பக்கத்திலிருந்து வழி சொல்லுகிறவன்
இல்லாத ரோட்டுக்கு வலது, இடது என்கிறான்.
பிறகு விசிறிகள் மூன்றும்
நெல் தூற்றுகிற மிசின் மாதிரி.
பிறகு ஒன்றுமில்லை.

டிலுக்சன் வந்தான்.
டிரைவரை அழித்து வேறு போட்டான்,
அதே கையோடு மெமரி இரண்டையும் இடம் மாற்றி
விண்டோஸையும் துடைத்து
மூடியைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பிவிட்டான்,
எல்லாம் ஒரே பின்னேரத்தில்.
ஒன்றரை மணித்தியாலம் ஓடியது.
பிறகு மரப்பாலம்.
இனி எதில் பிழை, எதில் சரி
ஆருக்குத் தெரியும்?
காணி முழுக்கக் கிண்டிப்போட்டுத் தேடுகிறவனை
எங்கள் யோகமதி அன்றைக்கே
வேலையால் நிற்பாட்டியிருப்பாள்.

அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன்.
கொப்பியில் கோடு கிழித்தேன்.
ஒரு இரவுக்கு ஒரு மாற்றம்.
பார்த்து முடித்த வரிக்கு வெள்ளை உடுப்புக் கிளிப்,
முடியாததற்குச் சிவப்பு.

சூடு பார்த்தேன்: எழுபத்தொரு பாகை,
கார்டுக்கு அது காய்ச்சலில்லை.
மெமரி ஒன்றைக் கழற்றி ஒரு இரவு,
மற்றதைக் கழற்றி ஒரு இரவு.
வியாழன் கரண்ட் இல்லை. அதையும் எழுதினேன்.
கரண்ட் ஏறி இறங்குதாக்கும் என்ற அருந்தவராசா அண்ணை
கத்தரிக்கு இறைக்கிற மோட்டரை
எனக்காக ஒரு மணித்தியாலம் நிற்பாட்டினார்.
அப்போதும் விழுந்தது.
அவருக்கும் ஒரு வெள்ளைக் கிளிப்.

ஏழாம் இரவு
டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
முழங்காலில் நின்றேன். பழகின முழங்கால்.
கார்டின் தோளில் இரண்டு வாய்.
இரண்டுக்கும் போவது ஒரே வயர்,
நுனியில் மட்டும் கவராகப் பிரிந்து.
வளைவில் பனி ஒரேயடியாக எழும்ப
கார்ட் ஒரு இமைப்பொழுது அள்ளிக் கேட்கிறது.
அந்த ஒற்றைக் கழுத்தால் அவ்வளவு இறங்காது.
மற்ற வயர்
வாங்கின பெட்டிக்கடியில்,
முடிச்சவிழ்க்காத பொலித்தீன் பைக்குள்.
வைத்தது நான். மறந்ததும் நான்.
ஒரு கிழமையாய் நஸ்மியை ஏசினதெல்லாம்
மனதுக்குள்ளேயே திருப்பி எடுத்தேன்.

டக்கென்று கேட்கும்வரை அழுத்தினேன்.

மரப்பாலம். வளைவு. பனி எழும்பிற்று.
வெள்ளை வெள்ளையாகவே நின்றது.
அதற்கங்கால்
ஒருநாளும் காணாத ஒரு ஏரி,
கரையில் இரண்டு வீடு, ஒன்றில் விளக்கு.

“சரி வந்திட்டுதோ மாமி?” டிலுக்சன் போனில்.
நாலு மணித்தியாலம் விழாமல் ஓடியிருந்தது.
எங்கள் வேலையில்
அதற்குள் ஒருவரும் சரியென்று கையெழுத்து வைப்பதில்லை.
பார்ப்பம், என்றேன்.

இன்று இருபதாம் நாள்.
கொப்பி முழுக்க வெள்ளைக் கிளிப்,
உடுப்புக் காயப்போட ஒன்றும் மிச்சமில்லை.
என்றாலும் மரப்பாலம் வந்தால்
விரல் தன்பாட்டில் இளகுகிறது.
வழி சொல்லுகிறவன் கத்துகிறான்,
முழு வேகம், முழு வேகம்.
நான் மெல்ல எடுத்து ஏரியைப் பார்த்துக்கொண்டு போகிறேன்.
அட்டவணையில் நாற்பத்தோராம் இடம்.
காலமை ஐந்தேகாலுக்கு வாகனம் வந்துவிடும்.