காற்று ஏறும் வழி

மணிக்கு முப்பத்திரண்டு டாலர்.
சொன்னதை மட்டும் சொல்ல வேண்டும்.
பெருமூச்சுக்குக் கூலி இல்லை.

லோவல் நகரம், செப்டம்பர், ஆற்றை ஒட்டிய செங்கல் கட்டடம்.
கீத் சரோன், அறுபத்தொரு வயது,
கதவு கண்ணில் படும்படி
நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"கழுத்துக்குக் காற்று ஏறுகிறது."

போன வருடம் வேறொருவர் முன்னால்
இதே வாக்கியத்தைக் கெமரிலிருந்து
"கழுத்து வலி" என்று சுருக்கியவன் நான்தான்.
எக்ஸ்ரே எடுத்தார்கள்.
எலும்பு நன்றாகவே இருந்தது.

முதுகில் நாணயம் தேய்த்த சிவப்புக் கோடுகள்.
"யார் உங்களை அடிப்பது?" என்றாள்
அவசரப் பிரிவில் ஒரு நர்ஸ்.
காற்று இறங்கட்டும் என்று இரவெல்லாம் தேய்த்த மனைவி
அன்றிலிருந்து எந்த மருத்துவமனைக்குள்ளும் வருவதில்லை.
இப்போதும் கீழே காரில்தான் இருக்கிறார்.

இன்று எதிரில் மேவ் டூலன்.
"அந்தக் காற்று எங்கிருந்து கிளம்புகிறது?"
அப்படித்தான் கேட்டாரா என்று
திருப்பிக் கேட்டுவிட்டே மொழிபெயர்த்தேன்.

பாதத்திலிருந்து.
முழங்கால், வயிறு, நெஞ்சு.
கழுத்துக்கு வந்ததும்
அம்மா வருகிறாள்.

படிவத்தில் பதினோராவது கேள்வி:
இறந்தவர்களின் குரல் கேட்கிறதா? ஆம், இல்லை.
டூலன் பேனாவை மூடி வைத்தார்.
"அம்மா என்ன கேட்கிறார்?"

"சோறு."

பிறகு, யாரும் கேட்காமலே,
கால்வாய் வெட்டிய வருடம்,
கஞ்சியில் எண்ணிவிடலாம் பருக்கைகளை.
தன் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.
நான் குடித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு:
அவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும்.
"நான் குடித்தேன்" என்றேன் ஆங்கிலத்தில்.
அறையில் இரண்டு பேர் குடித்தது போலிருந்தது.

நெடுநேரம் ஹீட்டர் மட்டும் பேசியது.

இன்னும் பத்து நாளில் பச்சும் பென்.
ஊசித்துளை வாயோடு பசித்தவர்கள் வருவார்கள்,
வெளிச்சம் ஆகாது அவர்களுக்கு,
விடியுமுன் விகாரையைச் சுற்றி
சோற்று உருண்டை எறிய வேண்டும்.
நாற்பது வருடமாக அவர் போனதில்லை.
எந்த முகத்தோடு போவது?

டூலனுக்கு இது எதுவும் தெரியாது.
தெரியாது என்றே சொன்னார்.
எள் சேர்ப்பீர்களா, யாரை உடன் அழைப்பீர்கள்,
பிக்குவிடம் முதலில் பேச வேண்டுமா
என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"அப்படியானால் மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?"
"வேண்டாம். மாத்திரை உங்களுக்கு,
உருண்டை அவருக்கு."
சரோன் சிரித்தார் என்று எழுத ஆசை.
மூக்கைத்தான் சிந்தினார்.

டூலன் கார் வரைக்கும் கூட வந்தார்.
கண்ணாடி பாதி இறங்கியது, தைல வாசனை.
"நாணயத்தை எப்படிப் பிடிப்பீர்கள், காட்டுவீர்களா?"
மனைவி என்னைப் பார்த்தார், கணவரைப் பார்த்தார்,
கைப்பையைத் துழாவி
தேய்ந்துபோன ஒரு வெள்ளிக் காசை எடுத்தார்.
கதவை மட்டும் திறக்கவில்லை.

ஒரு மணி பத்து நிமிடம் என்று பில் போட்டேன்.
பத்தை அலுவலகம் வெட்டிவிடும்.

வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது
கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள் மகள்,
சும்மா, அவளுக்குப் போதும் என்பதால்.