பதினோராவது வளைவு

சேலத்தில் நின்று ஸ்வெட்டர் எடுப்பதென்றால்
வேர்வையைத் துடைத்துக்கொண்டே
குளிருக்கு விலை பேசுவது.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து நடைபாதையில்
கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.
கார்த்திகை பிறந்து நாலாம் நாள்,
மதியம் ஒன்றரை,
கரும்புச்சாறு வண்டிக்குப் பக்கத்திலேயே கடை.

எனக்கு ரூட் மாறிவிட்டது.
பதினாறு வருஷம் ஆத்தூர்,
இனி ஏற்காடு.
முதல் நடை நாலு ஐம்பதுக்கு.
டிரைவர் இன்னாசி முன்னாடியே சொல்லிவிட்டார்:
கழுத்து மூடினது வாங்கிடாதே,
விசில் ஊதுறப்ப தொண்டைய இறுக்கும்.

மெரூனை எடுத்துப் பார்த்தேன்.
மேலே பள்ளிக்கூடத்துப் பையன்களுக்கு அதுதான்;
நாற்பத்தாறு வயதில்
வரிசையில் நில் என்பார்கள்.
கட்டம் போட்டது
ஏரிக்கரையில் போட்டோ எடுக்க வருகிறவனுக்கு.
வெள்ளை புது மாப்பிள்ளைக்கு,
அதுவும் ஒரு நாளைக்கு.
நெஞ்சில் மான் பின்னியது ஒன்று இருந்தது.
விற்கிற பெண் சிரிக்காமல் நீட்டினாள்,
நானும் சிரிக்காமல் திருப்பிக் கொடுத்தேன்.

பொத்தான் வைத்தது வசதிதான்.
ஆனால் பணப்பை வார் அதில் மாட்டும்,
ஒரு பிரேக்குக்கு ஒரு பொத்தான் போகும்.

காக்கிக்கு எது சேரும்?
இத்தனை வருஷத்தில்
இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.
காக்கியோடு சேர்ந்தவை
தூசி, பேட்ஜ், காதில் செருகிய பேனா.
அவ்வளவுதான்.

கடைசியில் காப்பி இலைப் பச்சை,
வி வைத்த கழுத்து.
எல் சைஸ் விரல் நுனிவரை வந்தது,
சில்லறை எண்ண ஆகாது.
எம் போட்டு
கடைக் கயிற்றைப் பஸ் கம்பிபோல் எட்டிப் பிடித்தேன்,
வயிறு தெரிகிறதா என்று.
போகிற ஒருத்தர் நின்று
தாரமங்கலம் போகுமா என்றார்.

அறுநூற்றைம்பது சொன்னாள்.
நானூற்று எண்பதுக்கு வந்தது.

அடிவாரத்தில் அது என் மடியில் இருக்கும்.
ஐந்தாவது வளைவிலேயே போட்டால்
ஜன்னலோரத்தில் இரண்டு பேர் பார்க்கிறார்கள்,
ஊருக்குப் புதுசு போல என்று.
பதினைந்து வரை பொறுத்தால்
விரல் விறைத்து
டிக்கெட் மெஷின் தப்பாக அடிக்கிறது.
போட்டுப் பார்த்து, கழற்றிப் பார்த்து
பதினொன்று என்று வைத்துக்கொண்டேன்.

பையைக் கழற்றி முழங்காலில் இடுக்கி
தலையை உள்ளே நுழைக்கிறேன்.
மூன்று நொடி.
கம்பளிக்குள் இருட்டு,
என் மூச்சு, கொஞ்சம் டீசல்,
யாரோ வாந்திக்குக் கவர் கேட்கிற குரல்.
அந்த மூன்று நொடி
இந்த பஸ்ஸில் கண்டக்டர் இல்லை.
தலை வெளியே வரும்போது
முடி குத்திட்டு நிற்க,
பனி ஏறிய கண்ணாடியும்
சில்வர் ஓக் மரங்களும்
பாக்கிச் சில்லறைக்கு நீண்ட ஒரு கையும்.

இறங்கும்போது ஆறில் கழற்றிவிடுவேன்.
கோரிமேடு வருவதற்குள்
அது பைக்குள் சுருண்டுவிடும்.

அதனால்தான் மைனாவதி
ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.
மாசிக் கடைசியில்
துவைத்து, அந்துருண்டை போட்டு
மூட்டை கட்டும் நேரத்தில் கேட்டாள்:
மலை மேல இருக்கறவங்களுக்கு மட்டுந்தானா?

குகை வீதி வீட்டில்
ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி,
ஃபேன் ஐந்தில்.
போட்டேன்.

காலரை வெளியே எடுத்துவிட்டாள்.
பிறகு உள்ளே தள்ளினாள்.
திரும்ப ஒரு பக்கம் மட்டும் எடுத்து
யோசித்தாள்.
கையை ஒரு மடிப்பு மடித்து
பீரோவரைக்கும் பின்னால் போய்
தலையைச் சாய்த்தாள்.

பச்சை உனக்கு நல்லா இருக்குன்னு
யார் சொன்னா?

யாரும் சொல்லல என்றேன்.
நெற்றியிலிருந்து மூக்குக்கு
ஒரு சொட்டு இறங்கியது.

கரண்ட் போயிற்று.
ஃபேன் கொஞ்ச நேரம் தன்பாட்டுக்குச் சுற்றி நின்றது.
கழற்று என்று அவள் சொல்லவில்லை.
நானும் கேட்கவில்லை.