சுவரில்லாத தொட்டி

சிங்க் நடுக்கூடத்தில் வேண்டுமாம்.
பாத்திரம் கழுவும்போது
பள்ளத்தாக்கு தெரியவேண்டுமாம்.
கட்டபெட்டுக்கு மேலே புது வீடு.
சம்யுக்தா மேடம் சாக்பீஸால்
தரையில் ஒரு நீள்சதுரம் போட்டு
"இங்கே" என்றார்.
சுற்றிலும் பத்தடிக்குச் சுவர் கிடையாது.

தண்ணீரைக் கொண்டுவருவது பெரிய காரியமில்லை.
அனுப்புவதும் அப்படித்தான்:
அடிக்குக் கால் அங்குலம் சரிவு.
இந்த ஊர்த் தண்ணீருக்கு
இறங்கச் சொல்லித்தர வேண்டாம்.
காற்றுதான் கஷ்டம்.

"காற்றுக்கு எதுக்கு பைப்?"
கையிலிருந்த பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினேன்.
குடக், குடக்கென்று திக்கியது.
மூச்சு வாங்குது மேடம்.

தொட்டிக்கடியில் குழாய் வளையும் இடத்தில்
எப்போதும் ஒரு கை தண்ணீர் நிற்கும்.
அதுதான் கதவு.
அந்தப்பக்கம் செப்டிக் டேங்க்,
இந்தப்பக்கம் உங்கள் ஏலக்காய் டீ.
மூச்சுக்கு வழியில்லாமல்
ஒரு குண்டான் தண்ணீர் இறங்கினால்
போகிற போக்கில்
கதவையும் கழற்றிக்கொண்டு போய்விடும்.

நேரே கூரைக்கு ஒரு குழாய் ஏற்றட்டுமா என்றேன்.
ஜன்னலைப் பார்த்தார்.
அந்த நேரம் அங்கே பள்ளத்தாக்கே இல்லை,
வெள்ளையாக மூடுபனி.
ஆனாலும் மறைக்கும், வேண்டாம் என்றார்.

ஆகவே வளைத்தேன்.
கிரானைட்டின் அடிவயிறு தொடும்வரை ஏற்றி,
திருப்பி,
மறுபடி தரைக்குள் இறக்கி,
பதினோரு அடி நகர்த்தி,
வடக்குச் சுவரேறி,
தகரத்துக்கு மேல் தலையை நீட்டவிட்டேன்.
மூன்று நாளும் தூறல்.
சொல்யூஷன் பிடிக்கவே இல்லை.
ஒவ்வொரு எல்போவையும் அழுத்திக்கொண்டு
அலமாரிக்குள் மடங்கிக் கிடந்து
நூறுவரை எண்ணினேன்.

இரண்டு தொட்டியும் விளிம்புவரை நிரப்பி
அடைப்பைப் பிடுங்கினேன்.
கல்மேல் காது வைத்தேன்.
போனது தெரியாமல் போனது.
"இவ்வளவுதானா?"
இவ்வளவுதான். சத்தம் வராததுக்குத்தான் மேடம் கூலி.

பிப்ரவரியில் போன் வந்தது.
நாற்றமாம்.
வயிற்றைக் கலக்கியது.
போய்க் கழற்றினால் ஒரு இணைப்பும் அசையவில்லை.
வளைவில் மட்டும் சொட்டுத் தண்ணீர் இல்லை.
அக்டோபரில் நாலு நாள் தங்கினார்களாம்,
அதோடு சரி.
பனிக்காலக் காய்ந்த காற்று
கதவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடித்திருக்கிறது.
அதற்குக் குழாய் கிடையாது,
யாராவது கை கழுவவேண்டும்.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் மாதியிடம் சொன்னேன்:
ஞாயிறு தவறாமல் ஒரு ஜக் தண்ணீர்.
மேலே ஒரு ஸ்பூன் எண்ணெய், ஆவியாகாமல் இருக்க.
"தேங்காயெண்ணெயா?"
ஐயோ, இந்தக் குளிருக்கு உறைந்து தொலைக்கும்.
நல்லெண்ணெய்.

போன வாரம் சந்தையில் பார்த்தேன்.
"தண்ணிய சும்மா ஊத்த மனசு வரலை.
என் டிபன் பாக்ஸ அங்கேயே கழுவிட்டேன்,
மேடத்துகிட்ட சொல்லிடாதே" என்றாள்.
கொத்தமல்லியைப் பைக்குள் திணித்துவிட்டு,
"அங்கே நின்னா
எங்க வீட்டுக் கொடி தெரியுது.
துணியெல்லாம் நனையுதுன்னு
பாதியில விட்டுட்டு ஓடினேன்.
பைப்பை மூடினேனான்னு
இப்பதான் யோசிக்கிறேன்."