எச்சம்

ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர்.
புறப்பட்ட வாடகை சைக்கிள் கடைக்கே திரும்பினால்
தொகையீடு சைபர் என்கிறாள் பிலோமி,
உள்ளே ஒன்றும் இல்லாதிருந்தால்.

நாளை கலப்பெண் பகுப்பாய்வு. இரண்டாவது அரியர்.
அட்டுவம்பட்டிக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு.

மூடுபனியில் தண்ணீரே தெரியவில்லை.
கரையை மட்டும் நடந்து
நடுவில் இருப்பதைச் சொல்லிவிடலாமாம்.
இதையா ஆறு மாதமாக
நோட்டில் பார்த்தெழுதினேன்?

படகுத்துறைக் கம்பியில்
நீர்க்காகம் இட்டுப்போன வெள்ளை.
"இதுவும் எச்சம்தான்டி" என்றேன்.
சிரித்தாள். பிறகு நிறுத்திக்கொண்டாள்.

போன மே மாதம்
இதே சுற்றை மூன்று பேராக வந்தோம்.
அவள் பெயரை இன்று
இருவருமே எடுக்கவில்லை.

சைக்கிள் கடை வந்துவிட்டது.
சைபர் வரவில்லை.
இரண்டு பை ஐ, இரண்டு பை ஐ என்று
முணுமுணுத்தபடி
பஸ்ஸுக்கு ஓடினோம்.