தேயாத சிவப்பு

ரான்வாவின் பென்சில் டப்பாவில்
முதலில் தீர்வது சாம்பல்.
அடுத்தது பச்சை.
கிளாக்ஸ்விக்கில் உட்கார்ந்து வரைந்தால்
வேறென்ன தீரும்?
மேகம், மழை, மழை விட்டபின் வரும் மேகம்,
கீழே புல், புல்லின் மேல் ஆடு.

ஆடு அவளுக்குச் சரியாக வராது.
ஒன்றுக்கு ஐந்து கால்.
கலர் பென்சில் அழித்தால் போகாது,
தாள்தான் கிழியும்.
"அந்தக் கால் பின்னால் நிற்கிற ஆட்டுடையது"
என்று சொல்லிவிட்டுக்
காபிக்குச் சர்க்கரை போடுவாள்.

சால்மன் ஆலையில் நாங்கள் ஒரே வரிசை.
அவள் முள் எடுப்பாள், நான் எடை போடுவேன்.
விரலுக்கு அடங்காமல் குட்டையாகிவிட்ட பென்சிலை
அவள் எறிவதில்லை.
மெல்லிய ரம்பத்தால் துண்டு துண்டாய் அறுத்து,
குறுக்கே துளையிட்டு, வார்னிஷ் பூசி,
முள் எடுக்கும் பழைய இடுக்கியால் கோர்ப்பாள்.
ஆறு பக்க மரம்,
நடுவில் நிறத்தின் கண்.

பிறந்தநாளோ பிரிவோ பிள்ளைப்பேறோ
எங்களுக்கு வாய்ப்பது பச்சைத் தோடு, சாம்பல் மாலை.
வேலையில் நகை கூடாது.
மீனுக்குள் விழுந்தால் யார் பொறுப்பு என்பார் ஹைனி.
ஆகவே எங்கள் லாக்கர்களுக்குள்
கொக்கிகளில் தொங்குகின்றன
சின்னச் சின்ன மழைக்காலங்கள்.

அண்ணி மார்யூன் தனக்கு வந்ததைப்
பழைய பொருள் கடையில் தள்ளிவிட்டாள்.
ரான்வா அதைப் பதினைந்து குரோனருக்கு வாங்கி
அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவளுக்கே கொடுத்தாள்.
"முடிச்சு லூசாக இருந்தது, மாத்திட்டேன்."

நான் கேட்டது ஒரு சிவப்பு மணி.
ஒன்றே ஒன்று.

டப்பாவைத் திறந்து காட்டினாள்.
குட்டைகளுக்கு நடுவே
வாங்கிய நாளின் உயரத்தில் நின்றது சிவப்பு.
"நறுக்கினால் என்ன, புதுசுதானே?"
"வரையாத பென்சில் வெறும் கட்டை" என்றாள்.

தேடத் தொடங்கினாள் சிவப்பை.
கரைப்பறவையின் அலகு: நான்கு கீறல்.
மேட்டில் ஏற்றிவைத்த படகின் அடிவயிறு:
ஒரு நகக்கண் அளவு தேய்ந்தது.
எதிர்வீட்டுக் கதவு:
பாதி வரைவதற்குள்
வீட்டுக்காரர் அதற்கு நீலம் அடித்துவிட்டார்.

கோடையில் ஒருநாள் விரிகுடா முழுக்கச் சிவந்தது.
ஊரே கரையில் நின்றது.
அவளும் போனாள்,
தன் பங்குத் திமிங்கல இறைச்சியை
வாளியில் சுமந்து வந்தாள்.
அன்று டப்பாவைத் திறக்கவில்லை.
ஏன் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வருடம்.
மணியை நான் மறந்தே போனேன்.

பிப்ரவரியில் கன்வேயர் நின்றது.
பழுது பார்ப்பவன் சுரங்கச் சாலைக்கு அந்தப்புறம் இருந்தான்.
கையுறைகளைக் கழற்றி
மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம், பேச்சில்லாமல்.
"யாரும் அசையாதீங்க" என்றாள் ரான்வா.

ருமேனியாவிலிருந்து வந்த டோயினாவின் கை,
மோதிரம் கழறாத ஹைனியின் கை,
பனிக்கட்டி தின்ற என் கணுக்கள்,
விரல்நுனிகள், வெடிப்புகள்.
இருபத்தாறு கைகள்.
பென்சில் திருகியின் சுருள்கள்
காபிக் கோப்பைக்குள் விழுந்தன.
வேலை மறுபடி தொடங்கியும் அவள் விடவில்லை.
வீட்டில் மூன்று வாரம் வரைந்தாளாம்.

படத்தில் என் இடது கைக்கு ஆறு விரல்.
நான் வாய் திறக்குமுன்
"பக்கத்துல இருக்கிறவளோடது" என்றாள்.

ஈஸ்ட் பொட்டலத்தின் காலி உறையில் வந்தது மணி.
லாக்கருக்குக் கொண்டுபோகவில்லை.
எடைத்தட்டில் வைத்துப் பார்த்தேன்.
பூஜ்யம்.
தட்டித் தட்டிப் பார்த்தேன்.
பூஜ்யமேதான்.

ஹைனி கவனித்துவிட்டார்.
ஒன்றும் சொல்லவில்லை,
மோதிரக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு
அடுத்த வரிசைக்கு நடந்தார்.