வெட்டியது போக

செக்காலை சாலையில் சாத்தப்பனின் லேமினேஷன் கடை
ஷட்டர் முக்கால்வாசி இறங்கியதும்
குனிந்து நுழைவோம், செவ்வாய்தோறும்.
சாத்தப்பனோடு சேர்த்து நான்கு பேர்.
ஒருவர் படம் கொண்டுவர வேண்டும்.
முழுப்படம் இல்லை, ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்கும் சதுரம்.
மற்றவர்கள் விமானத்தின் பெயரைச் சொல்ல வேண்டும்.
பெயருக்குப் பத்து, செய்த நாடு மட்டும் என்றால் மூன்று.
தோற்றவர் செலவு மசாலாச் சீயம்.
எல்லோரும் சொல்லிவிட்டால்
படம் கொண்டுவந்தவர் செலவு.

மைதீனுக்கு டயர் ரீட்ரெடிங் தொழில்.
சக்கரம் கண்ணில் பட்டால் போதும்,
"முழுசா உள்ள போகாம பாதி துருத்திட்டு நிக்கிது பாருங்க,
டகோடா" என்பார்
கல்யாணக் கூட்டத்தில் மாமன் மகனைக் காட்டுவதுபோல.
உண்ணாமலை ஜன்னல்களில் கெட்டி.
மூலை மழுங்கிய முக்கோணம் காரவெல்,
பெரிய நீள்வட்டம் வைக்கவுண்ட்.
கூட்டுறவு வங்கியில் அடகு நகைக்கு மதிப்புப் போடுகிறவள்;
அவள் கல் பார்க்கும் லென்ஸில்தான்
நாங்கள் எல்லோரும் பார்க்கிறோம்.
நான் ஜெஸிந்தா, அரசு மருத்துவமனை ஆய்வகம்.
ஒரு துளியை வைத்து
ஆளின் உடம்பைச் சொல்கிற வேலை.
ஆனாலும் அதிகம் சீயம் வாங்கியது நான்தான்.

எங்களில் மூன்று பேர் விமானம் ஏறியதில்லை.
உண்ணாமலை ஒரே ஒருமுறை, மதுரையிலிருந்து.
அதைப் பற்றி அவள் பேசியதில்லை.
காரைக்குடி வானத்தில்
வெள்ளைக் கோடு போகும், சத்தம் பிறகு வரும்.
மாட்டுப்பண்ணைப் பக்கம்
யுத்த காலத்து ஓடுதளம் ஒன்று கிடக்கிறது.
சாத்தப்பன் ஸ்கூட்டர் பழகியது அதில்தான்.
"எந்திரிச்சுருமோன்னு பயமா இருந்துச்சு."

அவர் ஒருமுறை களவாணித்தனம் செய்தார்.
சாம்பல் வளைவு, மேலே கூராக என்னவோ.
கேன்பரா மூக்கு என்றேன் நான். மிக் என்றார் மைதீன்.
"இளையாத்தங்குடிக் கோயில்" என்றார்.
"விமானந்தானே கேட்டீங்க?"
சீயம் ஆறி எண்ணெய் உறையும்வரை சண்டை.
கோயிலுக்குப் பத்து கூட்டி
மனுஷனுக்குப் பத்து கழித்தோம்.

போன செவ்வாய் உண்ணாமலையின் முறை.
இரண்டு இலை தெரிந்தது புரொப்பெல்லரில்,
வாள்போல நுனி வளைந்து.
இருந்த இடைவெளிக்கு மொத்தம் ஆறு வரும்.
இறக்கை உடம்புக்கு மேலே.
"ஏடிஆர்!"
மூன்று வாயும் ஒரே மூச்சில்.
இதெல்லாம் ஒரு கேள்வியா என்று மைதீன் சிரித்தார்.
பத்து, பத்து, பத்து
என்று நோட்டில் எழுதியாயிற்று.

நான் லென்ஸைக் கீழே வைக்கவில்லை.
ஓரம் பார்க்காமல் ஸ்லைடை எடுக்கிற வழக்கமில்லை எனக்கு.
இடது விளிம்பில்
மடித்துவிட்ட கட்டம் போட்ட சட்டைக் கை, முழங்கைவரை.
அதைப் பிடித்திருக்கும் இரண்டு விரல்.
ஒரு விரலில் சிவப்பாகப் புள்ளி, கல் மோதிரம்.
மற்ற மூன்று பக்கமும் நூல் பிடித்த மாதிரி வெட்டியிருந்தாள்.
இந்தப் பக்கம் மட்டும்
கத்தரி நின்று, விலகி, மறுபடி போயிருக்கிறது.

எதிரே அவள்
நோட்டின் மேல் கிடந்த துணுக்குகளைத் தட்டிக்கொண்டிருந்தாள்.
விரல்களில் ஒன்றும் இல்லை.

"இன்னைக்கு நம்ம செலவு" என்று பர்ஸை எடுத்தாள்.
நாற்பத்திரண்டா எழுபத்திரண்டா என்று நான் சொல்லவே இல்லையே,
எனக்குப் பாதிதான், பாதிச் செலவு என்னுது என்றேன்.
அந்தத் துண்டில் அதை
யாராலும் சொல்ல முடியாது.
அவளுக்கும் அது தெரியும்.
கொஞ்சம் பார்த்துவிட்டு "அப்ப நீயும் வா" என்றாள்.

ஷட்டருக்கு அடியில் குனிந்து வெளியே வந்தோம்.
கடையில் சீயம் இன்னும் வெள்ளையாக மிதந்தது.
மேலே, ரொம்ப மேலே, ஒரு விளக்கு
சிமிட்டிக்கொண்டு தெற்கே போனது.
அவள் நிமிரவில்லை.
நான் பார்த்தேன்.
என்ன விமானம் என்று தெரியவில்லை.